மலைக் குளிரும் மனை வெப்பமும்

உதகை என்றதும் சமவெளியில் வாழ்வோரின் மனக்கண்ணில் தோன்றுவது மே மாதத்து உதகை. மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு, கையில் சுடச்சுட மக்காச்சோளம்! அவர்களெல்லாம் மலையிறங்கிச் சென்ற பிறகு, வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்து, முதலில் நீர்ப்பனியும் பிறகு உறைபனியும் விழுந்து, விடியற்காலைப் புல்வெளி உப்பளம்போல் வெளுத்துக் கிடக்கும் உதகை வேறு. அதை அறிந்தவர்கள் இம்மண்ணின் மக்களும், இக்கல்லூரிக்குப் படிக்க வந்த நம்மைப் போன்றோருமே.

இந்தக் குளிரில் ஒரு வீட்டை, அல்லது ஓர் அறையை, குறைந்த செலவில் இதமாக வைத்துக்கொள்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓர் இரவில், சற்று அதிக விலை கொடுத்தே கற்றேன்.

அன்றிரவு நடந்தது

நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். முதலாண்டு டிசம்பரில், காந்தல் பகுதியில் ஓர் அறையை மூவராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு சன்னல். இரவில் நாங்கள் விடும் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, விடியற்காலையில் போர்வைமேல் சொட்டும்.

ஒருநாள் குளிர் பொறுக்க முடியாமல் ஒரு கிலோ அடுப்புக்கரி வாங்கி வந்தோம். பழைய இரும்புச் சட்டியில் இட்டு வாசலில் வைத்து மூட்டினோம். புகை முழுவதும் அடங்கிக் கரி செக்கச் சிவந்த பிறகே உள்ளே கொண்டு வந்தோம். புகைதானே கெடுதல், அது போய்விட்டால் தீங்கில்லை என்பது எங்கள் கணக்கு. கதவின் அடியிலுள்ள சந்தில் பழைய கைலி ஒன்றைச் செருகினோம். சன்னல் இடுக்குகளில் செய்தித்தாளை ஒட்டினோம். அறை எங்கள் ஊர்போல் ஆயிற்று. சிரித்துப் பேசிக்கொண்டே உறங்கிப் போனோம்.

நள்ளிரவுக்குப் பின் எனக்கு விழிப்பு வந்தபோது தலை பிளப்பதுபோல் இருந்தது. எழ முயன்றால் கால்கள் என்னுடையவையாக இல்லை. அதற்குமுன் எழுந்திருந்த நண்பன் ஒருவன் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்ந்து, குடத்தோடு கீழே விழுந்து கிடந்தான். அந்தக் குடம் உருண்ட ஓசைதான் எங்களைக் காத்தது. அடுத்த பகுதியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா எழுந்து வந்து கதவைத் தட்டினார். தவழ்ந்து சென்று நான் தாழ்ப்பாளை நீக்கியது மட்டும் நினைவிருக்கிறது.

"ஏன் தம்பி, கரி நெருப்பை உள்ளே வச்சுக்கிட்டுக் கதவையும் அடைச்சுக்குவாங்களா? படிக்கிற பிள்ளைங்கதானே நீங்க?" என்று அவர் கேட்டது இன்றும் காதில் ஒலிக்கிறது.

விழுந்த நண்பன் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தான். செய்தி அறிந்து அவன் தாய் மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் வந்து சேர்ந்தார். போர்த்திக்கொள்ள ஒரு துணிகூட இல்லாமல் வந்தவருக்கு வீட்டுக்கார அம்மா தம் சால்வையைக் கொடுத்தார். மகனின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அந்தத் தாய் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவ்வளவு குளிரா தம்பி இங்கே?"

நான் இயற்பியல் மாணவன். வெப்பவியலில் நல்ல மதிப்பெண் பெற்றவன். தேர்வுத்தாளில் எழுதிய பாடத்தை நான் குடியிருந்த அறைக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. அதைத்தான் இப்போது செய்கிறேன்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அந்தக் கணக்கில் சமவெளியைவிட இங்கு 14 டிகிரிக்கு மேல் குறைவு என்பது எளிதில் விளங்கும்.

உறைபனிக்கு இது மட்டும் காரணமன்று. மழைக்காலம் முடிந்ததும் வானம் மேகமின்றித் தெளிகிறது. பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் நிலம் கதிர்வீச்சாக வானத்துக்குத் திருப்பி விடுகிறது. தடுத்து நிறுத்த மேகப் போர்வை இல்லை. இதனால் புல்லின் நுனி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் நீர்போல் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்விடங்களில் உறைபனி மிகுவது இதனாலேயே. புல்லுக்கு நேர்வதே தகரக் கூரைக்கும் நேர்கிறது. அதுவும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இரவு முழுவதும் வெப்பத்தை இறைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் அறையின் வரவு செலவு

கடத்தல், சலனம், கதிர்வீச்சு என மூன்று வழிகளில் வெப்பம் செல்லும் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். இனி, அந்த அறையின் கணக்கைப் பார்ப்போம். உள்ளே 18 டிகிரி வேண்டும். வெளியே 4 டிகிரி. வேறுபாடு 14 டிகிரி.

வெறும் தகரக் கூரை வழியே, ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 6 வாட் வெப்பம் வெளியேறும் என்று கொள்ளலாம். கூரையின் பரப்பு 12 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1,008 வாட். அதாவது, கடையில் விற்கும் ஒரு கிலோவாட் மின் கணப்பு ஒன்றை இரவு முழுவதும் எரித்தாலும், அது கூரைக்கு மட்டுமே கப்பம் கட்டும். சுவரும் தரையும் சன்னல் கண்ணாடியும் கேட்பது தனி.

அடுத்து, நாங்கள் அவ்வளவு அக்கறையோடு அடைத்த கதவுச் சந்து. அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 1.2 கிலோஜூல் போதும். அறைக் காற்று முழுவதும் வெளியே போய்ப் புதுக்காற்று உள்ளே வந்தாலும், அதை 14 டிகிரி சூடேற்ற வேண்டியது சுமார் 605 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு! ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று முழுவதும் மாறினாலும் செலவு அவ்வளவே.

நண்பர்களே, இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கூரை ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட்டைக் கொண்டு போகிறது. மூச்சுக்கான காற்று அதில் ஆறில் ஒன்றைத்தான் கேட்கிறது. நாங்களோ பெருந்திருடனைக் கூரையில் விட்டுவிட்டு, உயிர் காக்கும் காற்றைக் கதவடியில் மறித்தோம்.

மரப்பலகையாலோ ஒட்டுப்பலகையாலோ ஓர் உட்கூரை அமைத்து, அதற்கும் தகரத்துக்கும் இடையே அரையடி காற்றிடைவெளி விட்டால், கூரை இழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 1,008 வாட் 336 வாட் ஆகிவிடும். உறங்கும் மனிதன் ஒருவனின் உடலே சுமார் 80 வாட் வெப்பம் தருகிறது. மூவர் உறங்கினால் 240 வாட். உட்கூரை உள்ள அறையில், கூரை கேட்பதில் பெரும்பகுதியை உறங்குபவர்களே ஈடுசெய்துவிடுகிறார்கள் என்பது வியப்பான செய்தியன்றோ! தெர்மோகோல் வெப்பத்தை நன்கு தடுக்கும். ஆனால் விரைவில் தீப்பற்றக்கூடியது. ஆகவே அதைத் திறந்தபடி கூரையில் ஒட்டுவது கூடாது.

மலையின் மூத்த பொறியாளர்கள்

இந்தக் கணக்கையெல்லாம் எழுதிப் பார்க்காமலே அறிந்தவர்கள் இம்மலையில் இருந்தனர். தோடர்களின் மரபு வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, மேலே புல்லை அடர்த்தியாக வேய்ந்து, அரைப் பீப்பாயைக் கவிழ்த்ததுபோல் அமைத்தது. வாயில் ஏறத்தாழ 3 அடி உயரமே. குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும். விலங்குகளிடமிருந்து காப்பு என்று இதற்குக் காரணம் கூறுவர். வெப்பவியல் மாணவனுக்கு இன்னொன்றும் தெரிகிறது. சூடான காற்று மேலே ஏறும். வாயிலோ தரையோடு ஒட்டியிருக்கிறது. எனவே கதவைத் திறந்தாலும் மேலே தங்கிய வெப்பம் எளிதில் வெளியேறாது. புல் வேய்ச்சலுக்குள் சிக்கி அசையாது நிற்கும் காற்றோ மிகச் சிறந்த வெப்பக் காப்பு. அடர்ந்த வேய்ச்சலாயினும் அது புகைக்கும் சிறிது வழி விடும். தகரமும் காங்கிரீட்டும் விடுவதில்லை. இன்று தோடர்களில் பெரும்பாலோர் செங்கல் வீடுகளில் வாழ்கின்றனர். ஆயினும் மந்துகளில் எஞ்சியுள்ள பழைய வீடுகள் நமக்குப் பாடநூல்கள்.

படுகர்களின் அட்டிகளில் வீடுகள் வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும். இரு வீடுகளுக்கும் பொதுவான சுவரின் இருபுறமும் ஒரே வெப்பநிலை. ஆகவே அச்சுவர் வழியே இழப்பே இல்லை. அண்டை வீட்டாரோடு கூடி வாழ்வதில் இப்படியும் ஓர் ஆதாயம் உண்டு. அந்த ஒட்டுச் சுவர் இருந்ததால்தான் எங்கள் குடம் உருண்ட ஓசையும் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

புகைபோக்கியும் விறகும்

வெள்ளையர் இங்கு வந்தபோது தம் நாட்டுக் கணப்படுப்பையும் உடன் கொண்டு வந்தனர். கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாதான் உதகையின் முதல் பங்களா. அது இன்று நம் கல்லூரி வளாகத்தில் இருப்பது நாம் அனைவரும் அறிந்ததே. அதன் பின் எழுந்த பங்களாக்களின் கூரைகளில் புகைபோக்கிகளை இன்றும் காணலாம்.

சுவருக்குள் எரியும் நெருப்பு கண்ணுக்கு இனியது, கணக்குக்கு இனியதன்று. விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானுக்குப் போகிறது. அது மட்டுமா? மேலேறும் புகை அறையின் சூடான காற்றையும் இழுத்துச் செல்ல, அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று நுழைகிறது. நெருப்பைப் பார்த்த முகம் வேகும், முதுகு நடுங்கும். ரம்ஃபோர்டு பிரபு என்னும் அறிஞர் 1796-இல் இதை ஆராய்ந்து எழுதினார். அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் கழுத்தை ஒடுக்கினால் கதிர்வீச்சு அறைக்குள் அதிகம் வரும் என்று காட்டினார். கதவுள்ள இரும்பு அடுப்பில் காற்றைக் கட்டுப்படுத்தலாம் என்பதால், அது திறந்த அடுப்பைவிட இன்னும் சிக்கனமானது. எந்த அடுப்பானாலும் புகைபோக்கியில் படியும் கரியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் துப்புரவு செய்ய வேண்டும். அடைபட்ட புகைபோக்கியும் அடைத்த கதவும் ஒன்றே.

விறகு சீகையோ கற்பூர மரமோ, முதலில் அது காய்ந்திருக்க வேண்டும். அப்போதே வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராகவே இருக்கக்கூடும். ஒரு கிலோ நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க மட்டும் 540 கிலோ காலோரி வேண்டும். பச்சை விறகை எரிப்பவர் முதலில் நீரைக் கொதிக்க வைக்கிறார். மிச்சம் இருந்தால் குளிர்காய்கிறார். கோடையில் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கிய விறகே குளிர்காலத்துக்கு உதவும்.

புகையில்லா நெருப்பின் பகை

இனி, கரிக்கு வருவோம். கரிச்சட்டி நமக்குப் புதியதன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, வாடைக் காலத்தில் சாளரங்களை அடைத்துவிட்டு மக்கள் 'தடவு' என்னும் நெருப்புச் சட்டியில் குளிர்காய்ந்ததைக் காட்டுகிறது. அன்றைய மாளிகையின் பெரிய கூடத்தையும், எங்கள் 12 சதுர மீட்டர் அறையையும் ஒன்றாகக் கருதலாகாது.

கரி எரியும்போது முதலில் உண்டாவது கார்பன் டை ஆக்சைடு. அது செக்கச் சிவந்த கரியின் ஊடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நெருப்பின்மேல் சாம்பல் மூடிக் காற்று குறையக் குறைய இது மிகும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிப்பதுமில்லை. புகை இல்லையே என்று நாங்கள் மகிழ்ந்ததுதான் எங்கள் அறியாமை. புகை இருந்தால் இருமியாவது எழுந்திருப்போம்!

நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. பற்றியபின் எளிதில் விடுவதில்லை. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் தந்தால் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் நடக்கும். என் நண்பனுக்கு முகமூடி வழியே இரவு முழுவதும் ஆக்சிஜன் தந்ததன் பொருள் இதுவே. மேலும், உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த அளவு தாழ்ந்திருப்பதால், நம் மூச்சில் வரும் ஆக்சிஜன் முன்னமே குறைவு.

தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, கால் தளர்ச்சி ஆகியவை அறிகுறிகள். ஒரே அறையில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலித்தால், அது காய்ச்சலோ உணவுக் கோளாறோ என்று எண்ணிக்கொண்டிராமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். உறங்குபவனுக்கோ அறிகுறியே தெரியாது. கரிச்சட்டி மட்டுமன்று, அறையைச் சூடாக்கக் கேஸ் அடுப்பை எரிய விடுவதும், காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கெய்சரைப் பயன்படுத்துவதும் இதே ஆபத்தைத் தரும். இந்த வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இன்று விற்கின்றன. நெருப்பு எரியும் வீட்டுக்கு அவை நல்ல காவலாளிகள்.

மின்சாரமும் உடம்பும்

கம்பி கணப்பு, விசிறிக் கணப்பு, எண்ணெய் நிரப்பிய கணப்பு எனப் பலவகை உண்டு. இது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று கடைக்காரர் எதைக் காட்டினாலும், ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ காலோரிதான் தரும். வேறுபாடு வெப்பம் எங்கே போகிறது என்பதில்தான். கம்பிக் கணப்பு எதிரே இருப்பவரை நேரே சூடாக்கும். விசிறி காற்றைச் சூடாக்கும். எண்ணெய்க் கணப்பு மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். சூடும் தரவல்ல ஏ.சி. ஒன்றே விதிவிலக்கு. அது வெப்பத்தை உண்டாக்காமல் வெளியிலிருந்து இறைத்து வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தரக்கூடும். கடுங்குளிரில் இந்த ஆதாயம் குறையும். 2 கிலோவாட் கணப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதைச் சிறிய பிளக்கிலோ நீட்டிப்புக் கம்பியிலோ மாட்டக் கூடாது. அதன்மேல் ஈரத்துணி உலர்த்தவும் கூடாது.

அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு. காஷ்மீரத்து மக்கள் காங்கிரி என்னும் சிறு நெருப்புக் கூடையைத் தம் நீண்ட அங்கியினுள் வைத்துக்கொள்வது இந்த எண்ணத்தில்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் சூடுபட்ட தோலில் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். நமக்கு வெந்நீர்ப் பை போதும். உறையிட்டு, உறங்குமுன் காலடியில் வைத்தால் படுக்கை இதமாகும். ஒரு கனத்த போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வைகள் மேல். இடையில் நிற்கும் காற்றே காப்பு. மேலே எவ்வளவு போர்த்தினாலும் கீழே சிமெண்டுத் தரை உடம்பின் சூட்டை உறிஞ்சும் என்பதைச் சமவெளிக்காரர்கள் மறந்துவிடுகிறோம். கயிற்றுப்பாயும் அதன்மேல் கம்பளியும் விரித்துப் படுப்பது நன்று.

கணப்பின் முன் எவ்வளவு தொலைவில் அமர்வது? மிக நெருங்கவும் கூடாது, மிக விலகவும் கூடாது. இந்த நிலையைத்தானே வள்ளுவர் மன்னரைச் சேர்ந்தொழுகுவோர்க்கு உவமையாக்கினார்!

இறுதியாக, செலவில்லாத கணப்பு கதிரவன். குளிர்காலத்தில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்குச் சன்னலின் திரையைக் காலையில் விலக்கிவிட வேண்டும். வெயில் இறங்கும் மாலை நான்கு மணிக்கு மூடிவிட வேண்டும்.

நாங்கள் செய்தது

மேலே கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். எண்களைப் பார்த்து அவர் சிரித்தார். "கூரைக்குப் பலகை அடிக்கணும்னு நானே பத்து வருசமாச் சொல்றேன். அதுக்கு இவ்வளவு கணக்கா தம்பி?" என்றார். பாதிச் செலவு அவருடையது. மறுபாதி நாங்கள் மூவரும் சேர்ந்து கொடுத்தோம். இரண்டு நாளில் தச்சர் உட்கூரை அமைத்துவிட்டார். போர்வைமேல் நீர் சொட்டுவது நின்றது. மாலையில் ஒரு மணி நேரம் மின் கணப்பு. உறங்குமுன் அதை அணைத்துவிட்டு வெந்நீர்ப் பை. இரும்புச் சட்டியில் இப்போது கீரை வளர்கிறது.

வெப்பத்தை உண்டாக்குவதைவிட, உள்ள வெப்பத்தைக் காப்பதே சிக்கனம். ஆனால் காற்றை அடைத்துக் காப்பது காப்பன்று. முதலாண்டு மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வெப்பமான ஊர்களிலிருந்து இம்மலைக்கு வருகிறார்கள். எந்தத் தாயும் போர்வைகூட எடுக்க மறந்து மலையேறி வர நேரக் கூடாது. ஆகவே மூத்த மாணவர்களை வேண்டுகிறேன்: புதிதாக வருவோர்க்கு விடுதி வழி, நூலக வழி காட்டும்போது, இந்த ஒரு செய்தியையும் சொல்லி வையுங்கள்.

எங்கள் அறைச் சன்னல் இன்றும் இரண்டு விரற்கடை திறந்தே இருக்கிறது. அந்த இடைவெளி வழியே குளிர் வரத்தான் செய்கிறது. வரட்டும்; அது ஆறில் ஒரு யூனிட்தான்.